எல் போர்டு மாட்டிய எட்டு மாதம்

மலையில் ஆட்டோ ஓட்டுகிறவருக்கு நல்ல கண்ணும் நல்ல பிரேக்கும் இருந்தால் போதும். ஓட்டப் பழகுகிறவளுக்கு அதோடு ஊர் பேசுவதைத் தாங்குகிற காதும் வேண்டும். நான் எல் போர்டு மாட்டியது முப்பத்தெட்டு வயதில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டே. கிளட்சை விட்டதும் வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிட, பின்னால் வந்த பஸ்காரர் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்ல, நடுரோட்டில் உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் நாம் சொந்தக்காரர்கள். மேலே படியுங்கள்.

ஹாரன் அடிக்காத காலை

என் வீட்டுக்காரர் ராஜு பதினான்கு வருடம் ஆட்டோ ஓட்டினார். எங்கள் டிவிசனில், தோட்டத்தின் எங்கள் பகுதியில், இருந்த ஒரே ஆட்டோ அவருடையதுதான். பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் கோயிலுக்கும் டவுனுக்கும் எல்லாரும் அதில்தான் போனார்கள். அவருக்குச் சீனி வருத்தம், அதுதான் சர்க்கரை வியாதி, இருந்தது. மாத்திரை போடுவார், சில நாள் மறப்பார். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் காலை, பெரட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பேர் கொடுத்துவிட்டு நாங்கள் மலைக்கு ஏறிக்கொண்டிருந்தோம். கீழே ரோட்டில் ஏதோ முட்டிய சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், பக்கத்து லயத்து வரிசை வீட்டு ஆறுமுகம் அண்ணன், ராஜுவின் ஆட்டோவுக்கு முன்னால் ரோட்டோரத்தில் கிடக்கிறார். ராஜு அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுகிறார். அன்று பனியும் இல்லை, மழையும் இல்லை. நல்ல வெயில். ஆறுமுகம் அண்ணனுக்குத் தொடை எலும்பு இரண்டாகியிருந்தது.

சாயங்காலம் ராஜு வண்டிச் சாவியை என் கையில் வைத்தார். "மூணு மாசமா எனக்கு ரோடு பாதிதான் தெரியுது புவனா" என்றார். மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போய் ஆறுமுகம் அண்ணனின் சம்சாரம் செல்லம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, ராஜு சொன்னதைச் சொல்லி அழுதேன். அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "ஹாரன் அடிச்சிருந்தா அவரு ஒதுங்கியிருப்பாரு. ஆளு நிக்கிறதே தெரியாத மனுசன் எப்படிம்மா ஹாரன் அடிப்பாரு?" என்றார்.

கடைசி வரி

இரண்டு மாதம் வண்டி படங்குத் துணி மூடி நின்றது. அதற்குள் சுகமில்லாத இரண்டு பேரைக் கம்பளியில் கிடத்தி மெயின் ரோடு வரை தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்கிப் போனவர்கள் எங்கள் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். ஒவ்வொருவரும் வண்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சாவியும் என்னிடம் இருந்தது, கண்ணும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. பழகுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் மெடிக்கல் சர்ட்டிபிகேட் எடுக்க வேண்டும். நுவரெலியாவுக்கு ராஜுவும் கூடவே வந்தார். கண் பரிசோதிக்கும் அறைக்கு வெளியே நீள வரிசை. கதவு திறந்தே இருந்ததால் உள்ளே ஆட்கள் எழுத்து வாசிக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. எனக்குப் படிப்பு ஏழாம் வகுப்பு வரைதான். இங்கிலீஸ் எழுத்து மறந்துபோயிருக்குமோ என்று பயந்தேன். அப்போது ராஜு என் காதருகே குனிந்து, "பயப்படாத. மேல ஒரே ஒரு பெரிய எழுத்து. அடுத்த வரியில ரெண்டு. கடைசி வரிய மட்டும் மனப்பாடம் பண்ணிக்க" என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு எழுத்துகூடத் தடுமாறவில்லை.

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டேன். அவர் என் காதை விட்டு நிமிர்ந்தார். பிறகு, "போன தடவ லைசன்ஸ் புதுப்பிக்க வந்தப்போ வரிசை ரொம்பப் பெருசா இருந்துச்சு. முன்னாடி போனவங்க வாசிச்சது எல்லாம் காதுல விழுந்துச்சு" என்றார். அவர் லைசன்ஸ் புதுப்பித்து மூன்று வருடம் ஆகிறது. என்னிடம் சொன்னது மூன்று மாதம். அந்த மூன்று வருடமும் என் மகள் அந்த ஆட்டோவில்தான் பள்ளிக்கூடம் போனாள். பின்னால் நின்ற பெண் என் தோளைத் தட்டிச் சிரித்தாள். "ஒங்க வீட்டுக்காரருக்கு எல்லா எழுத்தும் தண்ணி பட்ட பாடா இருக்கு. ஒங்களுக்கு என்னங்க பயம்?"

ஆறுமுகம் அண்ணன் வீட்டில்

நான் நாலு நாள் அவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், "ஆறுமுகம் அண்ணங்கிட்ட நீங்களே போய் முழு உண்மையையும் சொல்லுங்க. சொல்லாட்டி நான் அந்த வண்டியத் தொட மாட்டேன்" என்றேன். ஆறுமுகம் அண்ணன் அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, லயத்து வாசலில் காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் ராஜுவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் எல்லாவற்றையும் சொன்னார், மூன்று வருடக் கதையை, மனப்பாடம் பண்ணிய எழுத்தை, எல்லாவற்றையும். அடி விழும் என்றுதான் நான் நினைத்தேன். விழுந்திருந்தால் குறுக்கே போயிருக்க மாட்டேன்.

ஆறுமுகம் அண்ணன் தன் காலைத் தடவிக்கொண்டார். பிறகு சொன்னார்: "ரெண்டு வருசமா ரோட்டுல நான் கை காட்டினா நீ திருப்பிக் காட்டலடா. என் மேல ஏதோ கோவம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

மேலே ஏறுகிற வண்டி

ஹட்டனில் ஒரு லேனர்சில், வண்டி ஓட்டப் பழக்குகிற இடத்தில், சேர்ந்தேன். நடத்துகிறவர் பண்டார ஐயா. சிங்களவர், ஆனால் தமிழில் எங்களைவிட நன்றாகத் திட்டுவார். எழுத்துப் பரீட்சைக்கான வகுப்பில் பன்னிரண்டு பேர் இருந்தோம். பெண்கள் இரண்டே பேர், நானும் சாரதா டீச்சரும். டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர், கொட்டகலையில் படிப்பிக்கிறார். கார் ஓட்டப் பழக வந்தவர். எழுத்துப் பரீட்சையில் எப்போதோ பாஸ். ட்ரயலில், வண்டியை ஓட்டிக் காட்டுகிற பரீட்சையில்தான், மூன்று தடவை பெயில். வகுப்புக்கு வர அவசியமே இல்லை, எனக்குத் துணையாக உட்காரத்தான் வந்தார்.

நான் ரோட்டுச் சின்னம் எல்லாவற்றையும் பாத்திரம் கழுவும்போதும் கொழுந்து எடுக்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினேன். பரீட்சையில் ஒரு கேள்வி வந்தது. ஒடுக்கமான மலைப்பாதையில் ஒரு வண்டி ஏறுகிறது, ஒரு வண்டி இறங்குகிறது, யார் வழிவிட வேண்டும்? இது தெரியாதா எனக்கு? சின்ன வண்டிதான் வழிவிட வேண்டும் என்று போட்டேன். எங்கள் தோட்டத்தில் கொழுந்து லொறி ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி, ஆட்டோதான் ரோட்டோரக் கானுக்குள், வாய்க்காலுக்குள், இறங்கி ஒதுங்கி நிற்கும். இதே மாதிரி இன்னும் ஏழெட்டுக் கேள்விக்கு அனுபவத்தை வைத்துப் பதில் எழுதினேன். பெயில்.

அந்த ஒரு நாளுக்காக வேலையை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்தவள் நான். பஸ் ஸ்டாண்டில் அழுதுகொண்டு நின்றேன். சாரதா டீச்சர் ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "புவனா, சோதினையில நடக்கிறதை எழுதக்கூடாது. நடக்க வேண்டியதைத்தான் எழுத வேணும்."

லைசன்ஸை நீட்டிய பக்கம்

அடுத்த தடவை நடக்க வேண்டியதை எழுதினேன், இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று. பாஸ். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் எல் போர்டு ஏறியது. லேனர்சில் ஆட்டோ கைக்குக் கிடைக்கிறது வாரத்தில் அரை மணி நேரம். மிச்சத்தை வீட்டில்தான் பழக வேண்டும். பழகுகிறவளோடு லைசன்ஸ் உள்ள ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் டிவிசனில் ஆட்டோ லைசன்ஸ் உள்ள ஒரே ஆள் ராஜு.

நம்ப மாட்டீர்கள், அவர் நல்ல வாத்தியார். பின்னால் உட்கார்ந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டே, "கியர மாத்து, மூச்சு வாங்குது பாரு" என்பார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டால், "வளைவு வருது, இடது பக்கம் பள்ளம்" என்பார். பனி இறங்கி எனக்கே ஒன்றும் தெரியாத நாளில் இருவரும் சரிசமம்.

ஒரு நாள் மெயின் ரோட்டில் பொலிஸ்காரர் ஒருவர் நிறுத்தினார். என் தாளைப் பார்த்தார், சரி. பிறகு ராஜுவின் லைசன்சைக் கேட்டார். ராஜு உடனே எடுத்து நீட்டினார். ஆனால் பொலிஸ்காரர் அதற்குள் வண்டியைச் சுற்றி வலது பக்கம் வந்துவிட்டார். லைசன்ஸ் இடது பக்கம், ஒரு தேயிலைச் செடிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. பொலிஸ்காரர் அந்தக் கையைப் பார்த்தார். அவர் என் பக்கம் குனிந்து, தெரிந்த தமிழில், தங்கச்சிக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்: "இவருக்கு கண்ணு இல்ல. உனக்கு லைசன்ஸ் இல்ல. ரெண்டு பேரும் சேந்து ஒரு டிரைவர். நாளைக்கு இவர கூட்டி வராத, நங்கி."

குளவி

அதற்குப் பிறகு மெயின் ரோட்டுக்கு ராஜுவோடு போகவில்லை. தோட்டத்து ரோட்டில் மட்டும் பழகினேன். பத்தாவது வாரம் இருக்கும். நாங்கள் மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். என் நிரைக்கு அடுத்த நிரையில் மாரியாயி அக்கா. ஐம்பதைத் தாண்டியவர், என் கல்யாணத்துக்குச் சோறாக்கியவர். மரத்தில் இருந்த குளவிக்கூடு எப்படிக் கலைந்தது என்று யாருக்கும் தெரியாது. யாரோ "குளவி!" என்று கத்தினார்கள். நான் இடுப்பில் கட்டியிருந்த படங்கைத் தலையோடு மூடிக்கொண்டு செடிக்கு அடியில் குப்புற விழுந்தேன். எனக்கு மூன்று கொட்டு. மாரியாயி அக்கா ஓடினார். ஓடியவர் கானில் தடுக்கி விழ, மொத்தமும் அவர் மேல் இறங்கிவிட்டது.

நெருப்புப் போட்டு விரட்டிவிட்டு அக்காவை லயம் வரை தூக்கி வந்தோம். முகம் அடையாளம் தெரியவில்லை. தோட்டத்து லொறி பெக்டரிக்குக் கொழுந்து ஏற்றிப் போயிருந்தது. ஆம்புலன்ஸ் டவுனிலிருந்து மலை ஏறி வர வேண்டும். கங்காணி என்னைப் பார்த்தார்.

"புவனா, வண்டிய எடு."

"எனக்கு லைசன்ஸ் இல்லீங்க."

"அவளுக்கு மூச்சு இல்ல. எடு."

அக்காவின் புருசன் முத்தையா அண்ணன் பின் சீட்டில் அவரை மடியில் போட்டுக்கொண்டார். ராஜு என் சீட்டு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தார். லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு ஒரு ஏற்றம் இருக்கிறது. கொங்கிரீட் உடைந்து பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். வெறும் வண்டியில் அதில் நான் ஏறிப் பழகியிருந்தேன். மூன்று ஆள் பாரத்தோடு ஏறியதில்லை. பாதியில் வண்டி நின்றுவிட்டது. நின்றது மட்டுமில்லை, பின்னால் உருள ஆரம்பித்தது. ராஜு குதித்து இறங்கி, தரையைத் தடவித் தடவிக் கல் தேடி எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். மறுபடி கிளப்பினேன். மறுபடி நின்றது. அவர் மறுபடி கல்லைத் தேடினார். மூன்றாவது தடவை கல் கிடைக்காமல் தன் காலையே சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். நாலாவது தடவை ஏறிவிட்டது. முத்தையா அண்ணன் வழி முழுக்க, "மாரி, வந்துட்டோம், வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போய் அரை மணி நேரத்தில் அக்கா போய்விட்டார். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் பொதுவாகச் சொன்னார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் அது என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரியே இருந்தது.

காரியம் முடிந்த அன்று முத்தையா அண்ணன் காலில் விழப் போனேன். "மூணு தடவ நின்னுட்டேண்ணே" என்றேன். அவர் என்னைப் பிடித்து நிறுத்தினார். "நீ மூணு தடவதான் நின்ன. மத்த வண்டி ஒண்ணும் வரவே இல்லியேம்மா."

யாரைப் பார்த்துத் திரும்புகிறாய்

ஒரு மாதத்துக்கு மேல் நான் வண்டியைத் தொடவில்லை. ட்ரயலுக்கு நாள் கிடைத்துவிட்டது என்று பண்டார ஐயா போன் எடுத்தார். வரவில்லை என்றேன். அவர் திட்டிய திட்டில் வந்தேன்.

பெரிய மைதானம். கம்பு நட்டிருந்தார்கள். அதற்குள் வளைத்து வளைத்து ஓட்ட வேண்டும், பின்னால் எடுக்க வேண்டும், சின்ன மேட்டில் நிறுத்தி உருளாமல் கிளப்ப வேண்டும். கம்புக்குள் நன்றாகத்தான் ஓட்டினேன் என்று நினைக்கிறேன். மேட்டுக்கு வந்தேன். நிறுத்தினேன். கிளட்சைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் விசில் அடித்தார்.

பரீட்சை எடுக்கிற ஐயா அருகில் வந்தார். வயதானவர், கோபக்காரர் இல்லை. தாளில் ஏதோ எழுதிவிட்டு, பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்: "நங்கி, வண்டியில நீ மட்டும்தான் இருக்கே. அப்பயிலருந்து யார பாத்து பின்னாடி திரும்புறே?"

பின் சீட்டில் டீச்சர்

அந்தக் கேள்வியைச் சாரதா டீச்சரிடம் மட்டும் சொன்னேன். அன்று அவரும் ட்ரயலில் நாலாம் தடவை பெயில். ஆனால் தன் கதையை அவர் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், கையில் ஒரு பை நிறையப் பிள்ளைகளின் விடைத்தாளோடு எங்கள் லயத்து வாசலில் வந்து நிற்கிறார். கொட்டகலையிலிருந்து பஸ், அப்புறம் நடை. செருப்பெல்லாம் சேறு. "எங்க உங்கட வண்டி?" என்றார். போய்ப் பின் சீட்டில், சரியாக மாரியாயி அக்கா கிடந்த இடத்தில், உட்கார்ந்துகொண்டார். அவருக்குப் பக்கத்தில் ராஜுவும், பாரத்துக்கு ஒரு மூட்டை உரமும். "எந்த ஏத்தம்? அதில ஏத்துங்கோ" என்றார்.

அன்று அந்த ஏற்றத்தில் பதினோரு தடவை நின்றேன். டீச்சர் சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு தாள் திருத்திக்கொண்டே இருந்தார். வண்டி உருளும்போது மட்டும் கம்பியைப் பிடித்துக்கொள்வார். கல் வைக்க முத்தையா அண்ணன் வந்தார், நான் கூப்பிடாமலே. அடுத்த ஞாயிறும் டீச்சர் வந்தார். அதற்கடுத்த ஞாயிறு மழை. அன்றும் வந்தார். அன்றுதான் முதன்முதலாக நிற்காமல் மேலே ஏறினேன். ஏறிக்கொண்டே பழக்க தோசத்தில் திரும்பிப் பார்த்தேன். டீச்சர் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "திரும்பாதேங்கோ. நான் இஞ்ச உயிரோடதான் இருக்கிறன்."

ஸ்டாண்டில் முதல் நாள்

இரண்டாவது ட்ரயலில் பாஸ். டீச்சர் அதே நாளில் ஐந்தாம் தடவை பெயில். எனக்குக் கைதட்டிய சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. ராஜுவுக்கு இப்போது வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரிகிறது. எல் போர்டைக் கழற்றியதும் அதை அவர் வாங்கி, ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, கூரை இடுக்கில் செருகினார்.

முதல் நாள் டவுன் ஸ்டாண்டுக்குப் போனேன். மற்ற ஆட்டோக்காரர்கள் வரிசையில் கடைசி இடம் கொடுத்தார்கள். அது நியாயம்தான். காலை எட்டு மணியிலிருந்து பத்தரை வரை என் முறை இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் ஆட்கள் குனிந்து என்னைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்கள். மூன்றாவதாக ஒரு தாய், இடுப்பில் காய்ச்சல்காரப் பிள்ளையோடு, குடையை மடக்கி அவசரமாக ஏறி உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்கு என்றாள். நான் இன்ஜினைக் கிளப்பத் திரும்பினேன். அவள் வெளியே எட்டி எட்டிப் பார்த்தாள். பிறகு என் தோளைத் தொட்டாள். "அக்கா, பிள்ளைக்கு நெருப்பாக் கொதிக்குது. டிரைவர் டீ குடிக்கப் போயிட்டாரா, கொஞ்சம் கூப்பிடுங்களேன்."

லைசன்ஸ் எடுத்துவிட்டேன் என்று கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் வந்து வாழ்த்திக் கைகொடுக்கிறார்கள். எனக்கோ, வண்டி ஓட்டப் பழக வேண்டிய காரணமே வராதவர்களைப் பார்த்தால்தான் கைகொடுக்கத் தோன்றுகிறது.